சொட்டு வடியும் நேரம்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் 'அவசரம்'. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரில் யாரும் கூப்பிட்டதும் இல்லை. எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற ஆள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் எப்போதும் நடப்பார். டீயை ஆறவிடாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வதும், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் முன்னால் போய் நிற்பதும் வாரத்துக்கு ஒரு தரமாவது நடக்கும்.

தொழில் நிக்கல் முலாம். கதவுக் கைப்பிடி, தாழ்ப்பாள், குழாய்த் திருகு என்று பித்தளைச் சாமான்கள் மங்கலாக உள்ளே வரும், கண்ணாடி மாதிரி வெளியே போகும். தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை. உள்ளே வரிசையாகத் தொட்டிகள். கழுவுகிற தொட்டி, அமிலத் தொட்டி, நடுவில் ராஜா மாதிரி நிக்கல் தொட்டி. அதில் எந்நேரமும் பச்சை நிறத்தில் சுடச்சுடத் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே அலசுகிற தொட்டி. அதற்கு மேல் ஒரு குழாய் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் திறந்தே கிடக்கும். அலசின தண்ணீர் இளம்பச்சையாக வழிந்து, வாய்க்காலில் விழுந்து, சந்து வழியாகச் சாக்கடைக்குப் போய்ச் சேரும். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

தொட்டி வேலை பார்க்கிறவருக்குப் 'பச்சைக்கை' என்று பெயர். கையுறையில் பச்சை ஏறி ஏறி, அதைக் கழற்றினாலும் மணிக்கட்டில் ஒரு வளையம் மாதிரி நிறம் தங்கியிருக்கும். அவசரத்தைவிட நாலு வயது மூத்தவர். அதனால் முதலாளியே அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். கூலி ரேக் கணக்கில். முப்பது கைப்பிடி மாட்டின ஒரு கம்பிச் சட்டம் ஒரு ரேக். எத்தனை ரேக் முக்கி எடுக்கிறாரோ அத்தனைக்குக் காசு.

பட்டறையின் முன்பக்கத்தில், தெருவைப் பார்த்த மாதிரி, அவசரத்தின் மனைவி ஒரு கேன்டீன் வைத்திருந்தாள். தெருவில் இருக்கிற பதினைந்து பட்டறைக்கும் டீ அங்கிருந்துதான். நாலு மணிக்கு எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும். புருஷனுக்கு நேர் எதிர் அவள். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் மூன்று தரம் யோசிப்பாள். பேசிய பிறகு வாபஸ் வாங்க மாட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் ஒரு நாள் அச்சாணி கழன்றது. சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தார். சந்தில் குனிந்து, சின்னச் சின்னப் பாட்டிலில் சாக்கடைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வெளியே விடுகிற தண்ணீரில் நிக்கல் அளவுக்கு மேல் இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் சரி செய்யாவிட்டால் மின் இணைப்பைத் துண்டிப்போம் என்று எழுதியிருந்தது.

"யாரோ போட்டுக் குடுத்திருக்கான்" என்றார் அவசரம். "சும்மா வருவாங்களா இவங்க? எவனோ பொறாமை புடிச்சவன்."

"யாரு சொன்னா என்ன, தண்ணி பச்சையாத்தானே போகுது" என்றாள் மனைவி.

மறுநாளே அவர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிறவரை வரவழைத்துவிட்டார். வந்தவர் பளபளப்பான படப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி ஒரு விலை சொன்னார். பட்டறையையும் அதிலிருக்கும் தொட்டிகளையும் முதலாளியையும் சேர்த்து விற்றாலும் அந்த விலை தேறாது. போதாக்குறைக்கு, மாதாமாதம் அதற்கு மருந்து வாங்கிப் போட வேண்டும், வருகிற சேற்றை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். அவசரம் அந்தப் புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அடுத்த வாரம் வேறொரு வழி தானாகவே வந்து நின்றது. டேங்கர் லாரி ஓட்டுகிற ஒருவன். வாரத்துக்கு ஒரு தரம் வந்து அலசின தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடுவானாம். சாக்கடையில் சொட்டுகூடப் போகாது, அதிகாரி பாட்டிலோடு வந்தால் பாட்டிலோடு திரும்பிப் போக வேண்டியதுதான். கேட்ட கூலியும் நியாயமாக இருந்தது. அவசரம் உடனே தலையாட்டிவிட்டார். திங்கட்கிழமை காலையில் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, நேரே கேன்டீனுக்கு வந்து டீ கேட்டான்.

"தண்ணியக் கொண்டு போய் எங்க ஊத்துவீங்க?" என்று மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அத ஏன்க்கா கேக்கறீங்க. ஊருக்கு வெளிய ஒரு பழைய கல்குவாரி. மழத்தண்ணி தேங்கிக் கெடக்கும். அங்க யாரு இருக்கா? நாலு எரும கெடக்கும், அவ்ளோதான்."

"எரும அந்தத் தண்ணியக் குடிக்குமா?"

"குடிக்காம?"

அவள் டீயை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். புருஷன் தொட்டிப் பக்கத்தில் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த வண்டியத் திருப்பி அனுப்புங்க."

"என்ன வெளையாடறியா? பேசி முடிச்சாச்சு."

"எரும குடிக்கற தண்ணியில இத ஊத்தப் போறான். அந்த எருமப் பாலுல நான் டீ போடறேனோ என்னவோ, யாருக்குத் தெரியும்? அனுப்புங்க."

அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எல்லோரும் செய்கிறார்கள் என்றார், ஒரு ஆறு மாதத்துக்குத்தானே என்றார். அவள் பதிலே சொல்லாமல் நின்றாள். அவளுடைய அந்த நிற்பு அவருக்குப் பழக்கம். அது சண்டையைவிட மோசம். வண்டி காலியாகவே திரும்பிப் போனது. ஓட்டுநர் குடித்த டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை அவள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு யார் மேல் எரிந்து விழுவது என்றே தெரியவில்லை. நாலு மணிக்குக் கேன்டீன் பக்கம் வந்து, பலகையில் உட்கார்ந்து, சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பொரித்த வடைகளை ஜல்லிக்கரண்டியில் அள்ளினாள். தூக்கினவள் உடனே தட்டில் போடவில்லை. சட்டிக்கு மேலேயே கரண்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் சட்டியிலேயே விழுந்தது.

"சீக்கிரம் போடேன், பசிக்குது" என்றார்.

"எண்ண வடிய வேணாமா? தட்டுல போட்டா தட்டுல போகும், வாயில போட்டா வயித்துல போகும். என் எண்ணெய்ங்க அது." சொல்லிவிட்டு அவள் கரண்டியை லேசாக உதறினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க, நீங்க அந்தப் பச்சத் தண்ணியில மூட்ட மூட்டையா நிக்கல் உப்புக் கொட்டறீங்களே, அது எங்க போகுது?"

"சாமான் மேல முலாமாப் போகுது."

"எல்லாமேவா? அலசற தண்ணி எப்படிப் பச்சையாகுது அப்ப?"

அவர் எழுந்து உள்ளே போனார்.

பச்சைக்கை வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நிக்கல் தொட்டியிலிருந்து ரேக்கைத் தூக்கினார், ஒரே வீச்சில் அலசுகிற தொட்டியில் முக்கினார். தூக்கவும் முக்கவும் நடுவில் இரண்டு விநாடி இருக்குமோ என்னவோ. முப்பது கைப்பிடியிலிருந்தும் பச்சைத் தண்ணீர் மழை மாதிரி கொட்டிக்கொண்டே போனது. கொஞ்சம் தரையில், மிச்சமெல்லாம் அலசுகிற தொட்டியில். பதினெட்டு வருஷமாகக் கண்ணுக்கு முன்னால் நடந்த காட்சி. அன்றைக்குத்தான் அவர் அதைப் பார்த்தார்.

"அண்ணே, அடுத்த ரேக்கத் தூக்கினதும் அப்படியே தொட்டி மேலயே புடிங்க."

"எவ்ளோ நேரம்?"

"சொட்டு நிக்கற வரைக்கும்."

பச்சைக்கை அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா? ஆனாலும் பிடித்தார். இருபது விநாடி, முப்பது விநாடி. கை கடுத்தது. ரேக்கின் கனம் அப்படி. அலசுகிற தொட்டியில் முக்கியபோது, முன்னே எழும்பும் பச்சைப் புகை மாதிரி ஒன்று இப்போது எழும்பவில்லை.

"முதலாளி, ஒண்ணு சொல்லட்டுமா" என்றார் பச்சைக்கை, கையை உதறிக்கொண்டே. "இப்படி ஒவ்வொண்ணுக்கும் அர நிமிஷம் நின்னா, சாயங்காலத்துக்குள்ள என் கூலியில கால்வாசி போயிடும். கையும் போயிடும்."

நியாயமான பேச்சு. அவசரம் "யோசிப்போம்" என்றார். அந்த வார்த்தையும் அவர் வாயில் புதுசுதான்.

யோசித்தவர் பச்சைக்கை. மறுநாள் காலையில் இரும்புக் கடையிலிருந்து இரண்டு நீளக் குழாயோடு வந்தார். நிக்கல் தொட்டிக்கு மேலே ஒரு ஓரமாக அவற்றை உத்தரம் மாதிரி பொருத்தினார். முதல் ரேக்கைத் தூக்கி அதில் மாட்டிவிட்டு, அடுத்த ரேக்கை முக்கப் போய்விடலாம். அது வேலை செய்கிற நேரத்தில் இது தானாக வடியும். கையில் பிடிக்க வேண்டியதும் இல்லை, கூலி குறைய வேண்டியதும் இல்லை.

அதோடு விடவில்லை அவர். கைப்பிடிகளை மாட்டுகிற விதத்தையும் மாற்றினார். கைப்பிடியின் உட்பக்கம் கிண்ணம் மாதிரி குழிவாக இருக்கும். "வாய் மேல பாத்தா தண்ணி தங்குது, கீழ பாத்தா காத்து தங்குது. காத்து தங்கின எடத்துல முலாம் புடிக்காது" என்று விளக்கினார். கொக்கியைக் கொஞ்சம் வளைத்து, குழிவு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிற மாதிரி செய்தார். அதற்கு மூன்று நாள் பிடித்தது. முப்பது கொக்கி, ஒவ்வொன்றையும் இடுக்கியால் வளைத்து, முக்கிப் பார்த்து, மறுபடி வளைத்து. நாலாம் நாள் அந்தக் கைப்பிடிகளிலிருந்து தண்ணீர் பால் கறக்கிற மாதிரி ஒரு முனையில் இறங்கி, சொட்டி, நின்றது.

பிறகு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. ஒரு அலசுகிற தொட்டிக்குப் பதில் மூன்று வைத்தார்கள். புதுத் தண்ணீர் கடைசித் தொட்டியில் மட்டும் விழும், அது வழிந்து நடுத் தொட்டிக்கும், அங்கிருந்து முதல் தொட்டிக்கும் வரும். சாமான் அதற்கு எதிராக, முதல் தொட்டியிலிருந்து கடைசித் தொட்டிக்குப் போகும். எந்நேரமும் திறந்து கிடந்த குழாயை இப்போது காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் திறந்தால் போதும் என்றானது. நிக்கல் தொட்டி சூட்டில் தினமும் ஒரு சாண் ஆவியாகும் அல்லவா, அந்தக் குறையை முதல் அலசுத் தொட்டியின் பச்சைத் தண்ணீரைக் கொண்டே நிரப்பினார்கள். போன நிக்கல் வீட்டுக்கே திரும்பி வந்தது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். இங்கே ஆற்றில் போட்டதையே திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி.

அவசரம் ஆடிக்கொண்டிருந்தார். "இந்த மூட்ட ஒரு மாசம் வரும், இப்பப் பாதிகூடத் தீரல!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மூட்டையைத் தூக்கிக் காட்டினார்.

ஆறாவது வாரம் நானூறு கைப்பிடிகள் திரும்பி வந்தன.

வாங்கிப் போனவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஒன்றை எடுத்து அவசரத்தின் உள்ளங்கையில் வைத்தார். கண்ணுக்குப் பளபளப்பாகத்தான் இருந்தது. விரலால் தடவினால் மணல் ஒட்டின மாதிரி சொரசொரப்பு. "என்ன சார், தொழில மறந்துட்டீங்களா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார். அது அடித்ததைவிட வலித்தது.

பச்சைக்கை உத்தரத்தைச் சந்தேகப்பட்டார், கொக்கியைச் சந்தேகப்பட்டார். அவசரம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பழையபடியே குழாயைத் திறந்துவிடச் சொன்னார். "போதும் அண்ணே, நமக்கு இதெல்லாம் ஒத்து வராது." பச்சைக்கை குழாயைத் திறக்கவில்லை. "ஒரு நாள் பொறுங்க முதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு, தொட்டியின் தண்ணீரை டிரம்களில் மாற்றி அதைக் காலி செய்ய ஆரம்பித்தார்.

தொட்டியைச் சூடாக்குகிற கம்பிச்சுருளை வெளியே எடுத்தபோது அவசரம் அதைக் கையில் வாங்கினார். மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு தோல் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நின்றவர், விறுவிறுவென்று கேன்டீனுக்குப் போய், வெந்நீர்க் கெட்டிலின் மூடியைத் திறந்தார். உள்ளே அதே வெள்ளைத் தோல்.

"உப்புத் தண்ணி" என்றார். "நம்ம குழாத்தண்ணியில இருக்கற உப்பு. இத்தன நாளும் அலசற தண்ணியோட வெளிய போயிட்டிருந்துச்சு. இப்ப நாம கதவச் சாத்திட்டோம், அது உள்ளயே தங்கிடுச்சு."

யாரும் சொல்லித்தராமல் அவராகக் கண்டுபிடித்தது அது. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

தொட்டியைக் காய்ச்சி, துணியிலும் கரித்தூளிலும் வடிகட்டிச் சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆனது. இனிமேல் உப்பில்லாத தண்ணீர் வேண்டும். மருந்துக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் கேன் கேனாக விற்கிறார்கள். விலையைக் கேட்டதும் அவசரம் கேனைக் கீழே வைத்துவிட்டார். கடைக்காரர் சிரித்தார். "இவ்ளோ எல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்? ஏ.சி. மிஷின்ல சொட்டுதே, அதுவும் கிட்டத்தட்ட இதுதான். காத்துல இருக்கற ஈரம் குளுந்து விழற தண்ணி. அதுல உப்பு ஏது?"

அவசரம் பட்டறைக்குத் திரும்பி வந்து, சந்தில் நின்று, மேலே பார்த்தார். பக்கத்துச் சுவர் அச்சகத்தினுடையது. காகிதம் நமுத்துப் போகக் கூடாது என்று அங்கே ஒன்பது ஏ.சி. ஒன்பது குழாயிலிருந்தும் ராத்திரி பகல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவருடைய தகரக் கூரையின் ஓரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்.

ஆனால் அந்த வெண்ணெய் வேறொருவர் வீட்டு வெண்ணெய். ஐந்து வருஷத்துக்கு முன்னால், கூரை துருப்பிடிக்கிறது என்று இதே தண்ணீருக்காக அச்சகக்காரரோடு தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி சண்டை போட்டவர் அவர். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. எதிரே வந்தால் ஒருவர் செல்போனை எடுத்துப் பார்ப்பார், இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார்.

இரண்டு நாள் அவர் போகவில்லை. மூன்றாம் நாள் மனைவி ஒரு தூக்கில் டீ ஊற்றிக் கையில் கொடுத்தாள். "வெறுங்கையோட போகாதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

அச்சகத்துக்குள் குளிர்ந்த காற்றும் மை வாசமும் அடித்தன. அச்சகக்காரர் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், இவரைக் கண்டதும் தாளை மெதுவாக மேசையில் வைத்தார்.

"கூர ஒழுகுதா?" என்றார்.

"இல்ல சார். உங்க ஏ.சி. தண்ணி…"

"குழாய மாத்தி விடச் சொல்லிட்டேன், ஆள் வரணும்."

"வேணாம், மாத்திடாதீங்க! அந்தத் தண்ணி எனக்கு வேணும்."

அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சரியாகத்தான் கேட்டதா என்று பார்ப்பவர் மாதிரி. அவசரம் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு, சொரசொரப்பான கைப்பிடியிலிருந்து கெட்டில் வரைக்கும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். அச்சகக்காரர் முழுவதையும் கேட்டார். பிறகு டீயை ஒரு வாய் குடித்தார்.

"உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "அந்த ஆபீஸ்ல புகார் குடுத்தது நான்தான்."

அவசரம் தூக்கை மேசையில் வைத்தார்.

"போன மழையில சாக்கட நெறஞ்சு, உங்க பச்சத் தண்ணி என் காகிதக் கிடங்குக்குள்ள வந்துடுச்சு. பன்னெண்டு உருள காகிதம் போச்சு. நேர்ல வந்து சொல்லியிருக்கலாம். ஆனா வந்தா நீங்க காது குடுத்துக் கேட்டிருப்பீங்களா?"

மாட்டார் என்பது அவருக்கே தெரியும். முதல் வாக்கியம் முடிவதற்குள் குறுக்கே பாய்ந்திருப்பார். "என் மேலதான் தப்பு" என்று சொல்ல நினைத்தார். "உருள எவ்ளோ பெருசு?" என்றுதான் வாயில் வந்தது. அச்சகக்காரர் கையை விரித்துக் காட்டினார். அவசரம் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே மன்னிப்பாக அங்கே எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஒன்பது குழாயையும் ஒன்றாகச் சேர்த்து, சுவர் ஓரமாக இறக்கி, பட்டறைக்குள் ஒரு நீலப் பீப்பாயில் விட்டார்கள். செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொண்டார்கள். விடிந்து பார்த்தால் பீப்பாய் நிறைந்திருந்தது. தொட்டிக்கு வேண்டியதற்குமேல் கொஞ்சம் மிச்சம்கூட. மிச்சத்தை அவசரத்தின் மனைவி கெட்டிலில் ஊற்றப் போனாள். "தூசி இருக்கும், குடிக்க வேணாம்" என்று பச்சைக்கைதான் தடுத்தார்.

ஆறாவது மாதம் அதிகாரியம்மா பாட்டிலோடு வந்தபோது, வாய்க்காலில் பிடிப்பதற்குத் தண்ணீரே சரியாக இல்லை. கொஞ்சம் காத்திருந்துதான் பிடித்தார். அளவு வரம்புக்கு வெகு கீழே இருந்தது. வடிகட்டியில் தங்குகிற அழுக்கை மட்டும் டிரம்மில் சேர்த்து, உரிமம் பெற்ற ஆளிடம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொடுத்தார்கள். வருஷ முடிவில் பார்த்தபோது நிக்கல் உப்பு வாங்கினது பாதிக்கும் குறைவு, தண்ணீர்க் கட்டணம் ஐந்தில் ஒரு பங்கு. சொரசொரப்பும் புள்ளியும் இல்லாததால் சாமான் திரும்பி வருவதும் அநேகமாக நின்றுபோனது. கைப்பிடி வாங்குகிறவர் தன்னுடைய இன்னொரு சரக்கையும் இங்கேயே கொடுத்தார். பதினெட்டு வருஷத்தில் பட்டறை பார்க்காத லாபம் அந்த வருஷம் வந்தது.

இங்கே கதையை முடித்திருந்தால் எல்லோருக்கும் நல்ல பெயர். ஆனால் அதிகாரியம்மா ஒரு கூட்டம் போட்டார். ஊரில் இருக்கிற சின்னப் பட்டறைக்காரர்கள் அறுபது எழுபது பேர். நீங்கள் வந்து பேச வேண்டும் என்று அவசரத்தை அழைத்தார். அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார், பொத்தானை இரண்டு முறை சரிபார்த்தார். மனைவியையும் பச்சைக்கையையும் கூட்டிக்கொண்டு போனார்.

மேடையில் மைக்கைக் கண்டதும் அவருக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. "நான் யோசிச்சேன்" என்றார். "நான் ஒரு உத்தரம் போட்டேன். கொக்கிய இப்படி வளைச்சேன். தண்ணிய நான் எதிர்ப்பக்கமா ஓட விட்டேன்." நான், நான் என்று பத்து நிமிஷம். கைத்தட்டல் வந்தது. அவருடைய மனைவி கைதட்டாமல், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். பச்சைக்கை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வருத்தமாகக்கூட இல்லை அந்த முகம். எப்போதும் இப்படித்தானே என்கிற மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான், "கூட்டத்துல ரெண்டு முதலாளிங்க அவரத் தனியாக் கூப்பிட்டுப் பேசினாங்க, பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"யாரை?"

"நம்ம அண்ணனத்தான். நீங்க எத்தன 'நான்' சொன்னாலும், கொக்கிய யாரு வளைச்சிருப்பான்னு தொழில் பண்றவனுக்குத் தெரியாதா?"

அவருக்கு முதலில் வந்தது பயம். பச்சைக்கை போய்விட்டால் பட்டறை என்னாகும்? அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. பயத்தைவிட வெட்கம் அதிக நேரம் தங்கியது. மேடையில் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். உத்தரம் அவருடையதில்லை. கொக்கி அவருடையதில்லை. குழாயைத் திறந்துவிடு என்று கத்தின அன்றைக்கு, பொறுங்கள் என்று சொன்னதும் அவர் இல்லை. பதினெட்டு வருஷமாக ஆவியையும் அமில நெடியையும் குடித்துக்கொண்டு நின்றதும் அவர் இல்லை.

காலையில் பச்சைக்கை கையுறையை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவசரம் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே, நேத்து நான் பேசினது தப்பு."

"விடுங்க முதலாளி, மேடன்னா அப்படித்தான்."

"விட முடியாது. கூப்பிட்டாங்களாமே, எவ்ளோ தரேன்னாங்க?"

பச்சைக்கை ஒரு தொகை சொன்னார். பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். தொகை பெரிசுதான்.

"அத விட அதிகமா நான் கூலி தர மாட்டேன்" என்றார் அவசரம். "கூலியே தர மாட்டேன். பட்டறையில நாலுல ஒரு பங்கு உங்களுக்கு. எழுதித் தரேன். ரேக் கணக்கு இன்னியோட முடிஞ்சுது."

பச்சைக்கை கையுறையைப் பாதி மாட்டின கையோடு நின்றார். அவசரம் அவசரப்படாமல் காத்திருந்தார். தொட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் கடைசியில்.

மறுநாள் பச்சைக்கையின் மனைவியே நேரில் வந்தாள். தையல் வேலை செய்கிறவள். கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிக் கடைசி ஒரு வருஷத்துப் பக்கங்களை நின்றபடியே புரட்டிப் பார்த்தாள். தொட்டிகளைச் சுற்றி வந்தாள். ஆவி போவதற்கு ஜன்னல் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். இல்லை. பிறகு கேன்டீன் பலகையில் வந்து உட்கார்ந்து கேட்டாள்:

"லாபத்துல நாலுல ஒண்ணு, சரி. நஷ்டம் வந்தா?"

"நஷ்டத்துலயும் நாலுல ஒண்ணுதான்" என்றார் அவசரம்.

"பதினெட்டு வருஷமா லாபத்துல பங்கு தரலயே. நஷ்டத்துல எட்டுல ஒண்ணு வச்சுக்கங்க. அப்புறம் அந்த ஆவி வெளிய போக ஒரு பெரிய விசிறி மாட்டணும். இவரு ராத்திரியெல்லாம் இருமறாரு, படுக்க முடியல."

அவசரம் மனைவியைப் பார்த்தார். அவள் டீ ஆற்றிக்கொண்டே, "நியாயமாத்தான் கேக்கறாங்க" என்றாள்.

பத்திரத்தை அச்சகக்காரர் நல்ல தாளில் அடித்துக் கொடுத்தார். இரண்டு பிரதி. விசிறிக்கு அந்த வாரமே சுவரில் ஓட்டை போட்டார்கள். அதைப் போட்ட கொத்தனார், செங்கல் தூள் கண்ணில் விழுந்ததால், கேன்டீனில் முகம் கழுவிக்கொண்டு போனார். சாயங்காலம் விசிறி சுற்ற ஆரம்பித்தபோது, பட்டறைக்குள் ஆவி விலகி, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பழைய விலைப்பட்டியல் முதல் முறையாகத் தெளிவாகத் தெரிந்தது.